வடிவு கேட்காத இருபத்தொரு புத்தகங்கள்

பெட்டி திறக்கிற ஞாயிறு வந்துவிட்டால் பாளையங்கோட்டை வாசகர் வட்டத்தில் பாதிப் பேர் ஏதாவது சாக்குச் சொல்லி வராமல் இருக்கப் பார்ப்பார்கள். ஜனவரியில் ஆளுக்கொரு எண்ணைச் சபதமாகச் சொல்லிவிட்டு வருகிறார்கள். அதற்கப்புறம் பதினோரு மாதம் யார் எத்தனை புத்தகம் முடித்தார்கள் என்பது யார் கண்ணிலும் படாது, முடித்தவர் கண்ணிலும் படாது. எண்ணை வெளியே வைத்திருந்த காலத்தில் இரண்டு குடும்பங்கள் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல் போன கதை உண்டு. அதனால் வட்டத்தை நடத்தும் எஸ்தர் டீச்சர் எல்லோர் எண்ணையும் ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு டிசம்பர் முதல் ஞாயிறுதான் திறப்பார். திறந்ததும் முடித்த புத்தகங்களில் ஒன்று குலுக்கலில் விழும். அதைப் பற்றி எழுந்து நின்று பேச வேண்டும்.

எண்ணி வைப்பது கொக்கி. காது மடலில் மாட்டும் ஒரு சின்னச் சாமான். கம்பெனிக்காரன் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தான், ஊர் அதைக் கொக்கி என்று ஆக்கிவிட்டது. அது வருவதற்கு முன்னால், ஒலிப்புத்தகம் கேட்டால் படித்ததாகுமா என்று வட்டத்தில் அடிதடி நடக்காத குறைதான். கேட்கிறேன் பேர்வழி என்று மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் குறட்டை விட்டவர்களும் இருந்தார்கள். கொக்கியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கண்ணால் வாசித்தாலும் சரி, காதால் கேட்டாலும் சரி, சொல் மண்டைக்குள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அது பார்த்துவிடும். சேர்ந்தால் எண்ணும், சேராவிட்டால் சைபர்.

ஆனால் அதற்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை, கால் மணி நேரத்துக்கு மேல் அது யார் காதிலும் இல்லாமல் கிடந்தாலோ, எந்தப் புத்தகமும் ஓடாமல் இருந்தாலோ 'தொடர்' அறுந்துவிடும். தொடர் அறுந்தால் அந்த மாதமே செல்லாது. குளிக்கப் போக வேண்டாமா? மிக்சி போட வேண்டாமா? விருந்தாள் வந்தால் மரியாதைக்குக் கழற்ற வேண்டாமா? வட்டத்துப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தூங்கும் காதில் மாட்டிவிடுவது. தூங்கும் காது சைபர்தான், ஆனாலும் மனுஷக் காதுதானே, தொடர் அறுகாது. ஒருத்தி தூளியில் கிடக்கும் பேரன் காதில் மாட்டினாள், இன்னொருத்தி பகலெல்லாம் தூங்கும் மாமனார் காதில் மாட்டினாள். வடிவு தன் கணவர் நயினாரின் காதில் மாட்டினாள்.

நயினார் தூங்கவில்லை. அவருக்குப் பக்கவாதம் வந்து பதினாலு மாதம் ஆகிறது. முப்பது வருடம் ரயில் ஓட்டிய மனிதர், முன்னறைக் கட்டிலில் கிடந்தார். கண் திறந்திருக்கும், கூரையைப் பார்த்தபடி நிற்கும். விரல் அசையாது. மூக்கு வழியாக உணவு போக ஒரு குழாய். ஆள் உள்ளே இல்லை என்று இரண்டாம் மாதமே பெரிய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகையால் அதுவும் தூங்கும் காதுதான் என்று வடிவு நினைத்தாள். தான் கேட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, எப்போதோ சேர்த்து வைத்த நீளமான வரிசையிலிருந்து ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டுப் போவாள். ஜூன் மாதம் ஒரு நாள் மாட்டும்போது கேலியாகச் சொல்லவும் செய்தாள்.

"அத்தான், கேட்டுக் கீட்டு வச்சிராதீய. அப்புறம் அது என் கணக்குல ஏறிரும். டிசம்பர்ல பெட்டியைத் திறக்கும்போது நான் எஸ்தர் டீச்சர்ட்ட மாட்டிக்கிடுவேன்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தைக்கூட முடிக்காத மனிதர் அவர். "இத்தனை எழுத்தை வாசிச்சா எனக்கு சிக்னல் தெரியாமப் போயிரும்" என்பார்.

டிசம்பர் முதல் ஞாயிறன்று பெட்டி திறந்தது. எஸ்தர் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"வடிவு. சபதம் நாப்பது. முடிச்சது அறுபத்தொண்ணு! எட்டி, வீட்டுல சோறு பொங்குதியா இல்லியா?"

எல்லோரும் கைதட்டினார்கள். வடிவுக்குக் கைதட்டு காதில் ஏறவில்லை. அவள் தன் டைரியில் தனியாகக் குறித்து வைத்திருந்தாள். சரியாக நாற்பது. நாற்பதாவதை வெள்ளிக்கிழமைதான் முடித்தாள்.

குலுக்கலில் விழுந்தது ஒரு கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்த்த மனிதனைப் பற்றிய நாவல். கவனம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று திரையில் நின்றது. வடிவு எழுந்தாள். அப்படி ஒரு நாவலின் பெயரைக்கூட அவள் கேட்ட ஞாபகம் இல்லை.

"நல்லா... நல்லாருந்துச்சு டீச்சர்."

"நல்லாருந்துச்சா? கடைசில அந்தாளு என்ன ஆனான், அதைச் சொல்லு."

வடிவு திரையில் இருந்த பெயரை மறுபடி வாசித்தாள். யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த ஹனீபா, வண்ணார்பேட்டையில் காதுக்கருவிக் கடை வைத்திருப்பவர், "விடுங்க டீச்சர், அறுபத்தொண்ணு கேட்டா எதுதான் ஞாபகம் இருக்கும்" என்று காப்பாற்றிவிட்டார். வடிவு தன் போனில் வந்த பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இருபத்தொரு பெயர்கள். ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் கவனம் தொண்ணூறுக்கு மேல். மண்டைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? சேர்ந்தது எங்கே போயிற்று?

அவளுடைய அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் இப்படித்தான் தொடங்கியது. முந்தின நாள் பார்த்த சீரியலைப் பார்க்கவே இல்லை என்று சாதித்தாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டே வருடத்தில் அவளுக்குத் தெரு மறந்தது, அப்புறம் பெற்ற மகளைப் பார்த்து "நீங்க யாரும்மா?" என்று கேட்டாள். வடிவுக்கு இப்போது ஐம்பத்தொன்று.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை தெருப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நயினாரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே கொழுந்தன் பரமசிவனுக்குப் போன் போட்டாள். எந்தப் பேச்சானாலும் அவள் அங்கே உட்கார்ந்துதான் பேசுவாள், அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

வருகிற வியாழக்கிழமை நயினாரின் மூக்குக் குழாயை எடுத்து, அவரைப் போக விட்டுவிடுவதாக முடிவாகியிருந்தது. மருத்துவ வாரியத்தின் அனுமதித் தாள் அலமாரியில் இருந்தது. செப்டம்பரில் பரமசிவன் மதுரையிலிருந்து வந்து, இதே கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசித்தான் அதற்கு விண்ணப்பம் போட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நயினாரே ஒரு காலத்தில், கூட வேலை பார்த்தவர் ஒருவர் இப்படி விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு இப்படி வந்தா கெடக்க விட்டுறாதல பரமு" என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். பரமசிவன் அன்றைக்கு அழுதுகொண்டேதான் பேசினான்.

இப்போது வடிவு அழுதாள்.

"பரமு, எனக்கு ஞாபகம் தவறுதுல. அம்மாவுக்கு வந்த மாதிரியே வந்துட்டு. இருபத்தோரு புத்தகம், ஒரு எழுத்து தெரியலை எனக்கு."

"மைனி, என்ன சொல்லுதீய? பதறாதீய."

"வியாழக்கிழமை வரைக்கும் வேண்டாம்டே. நாளைக்கே வச்சிருவோம். நான் நினைவோட இருக்கும்போதே அவியளை வழியனுப்பணும். அவிய யாருன்னே எனக்குத் தெரியாமப் போச்சுன்னா யாரு பாத்துக்கிடுவா?"

டாக்டரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான் பரமசிவன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டான். திங்கட்கிழமை மாலை மூன்று மணி. வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து குளிக்கப் போனாள். போகும்போது பழக்க தோஷத்தில் கொக்கியைக் கழற்றி நயினார் காதில் மாட்டி, வரிசையில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே பரமசிவன் வந்துவிட்டான். அண்ணன் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டான். வடிவுக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. ஒரு நப்பாசை. கொக்கிதான் பழுது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தன் மூளைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அப்படியானால் இன்னும் மூன்று நாளாவது அவரை வைத்துக்கொள்ளலாமே. அவர் காதிலிருந்த கொக்கியைக் கழற்றிக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனாள்.

ஹனீபா மதியம் பன்னிரண்டரைக்குத்தான் வந்து கடையைத் திறந்தார், அதுவரை வடிவு வாசலிலேயே நின்றாள். கொக்கியை ஒரு தட்டில் வைத்து, திரையில் எதை எதையோ விரித்துப் பார்த்தார். வடிவு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"பழுதெல்லாம் இல்லைக்கா. நல்லாத்தான் இருக்கு."

"அப்போ எனக்குத்தான் கோளாறு."

"ஒங்களுக்கு என்ன கோளாறு? ஏங்க்கா, ஒங்க கூட வேற யாரு கேக்கா?"

"யாரும் இல்லியே."

"இல்லைங்கீய. இதுல ரெண்டு காதுல்லா இருக்கு." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "கொக்கி காதுல மாட்டுனதும் நாடியையும் பிடிச்சு வைக்கும். இந்தா, இது ஒங்க நாடி, எண்பது எண்பத்திரண்டு அடிக்கி. இது இன்னொரு ஆளு. அம்பத்தஞ்சு. நிதானமான நாடி. ஒங்க நாப்பது புத்தகமும் ஒங்க காதுலதான் இருக்கு, ஒரு குறையும் இல்லை. மிச்சம் இருபத்தொண்ணும் இந்தக் காது." அவர் சிரித்தார். "யாரைக்கா உக்கார வச்சு ஆள்மாறாட்டம் பண்ணுனீய? டீச்சருக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவாவ."

வடிவு ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அக்கா?"

"நான் எங்க அத்தான் காதுல மட்டும்தான் மாட்டுவேன்."

ஹனீபாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நயினார் எப்படிக் கிடக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு தடவை வந்து பார்த்திருக்கிறார், கட்டில் பக்கத்தில் நின்று "அல்லாவே, இந்தப் பாடு யாருக்கும் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மறுபடியும் திரைக்குப் போய், ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டருங்க கடைசியா எப்ப மண்டையைப் படம் எடுத்தாவ?"

"விழுந்த ரெண்டாம் மாசம். அதுக்கப்புறம் வாரியத்துல இருந்து வந்தவிய வெளிச்சம் அடிச்சு, ஊசியால குத்திப் பாத்துட்டுப் போனாவ."

"அக்கா, நான் டாக்டர் இல்லை. ஆனா தூங்குத காதுக்கு இப்படி வராது. செத்த மூளைக்கும் வராது. இது கேக்குத காது. அவிய உள்ளதான் இருக்காவ."

வடிவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை, அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அது ஒரு நிமிடம் இருந்திருக்குமா? உள்ளே இருக்கிறார் என்றால் எப்போதிலிருந்து இருக்கிறார்? எதையெல்லாம் கேட்டார்? அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதினாலு மாதம் அவள் பேசாத பேச்சு ஒன்றுண்டா? துணி மாற்றும்போது ஒரு நாள் ஆத்திரத்தில் அவர் தொடையில் அடித்து, "எப்பத்தான் என்னை விடுவீய?" என்று கத்தினாளே. எஸ்தர் டீச்சரிடம் போனில், "போய்ச் சேந்துட்டா அவியளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று சொன்னாளே.

"எப்பருந்து?" என்று கேட்டாள்.

"அதுதான் எனக்கும் புரியலை. ஜூன் ஜூலைல புத்தகம் எல்லாம் சைபர்தான். ஆளு முழிச்சிருக்காவ, ஆனா கேக்கலை. ஜூலைல ஒரு நாள் நாலு மணி நேரம் வேற என்னத்தையோ உன்னிப்பாக் கேட்டிருக்காவ, அன்னைக்கு ஏதாவது..."

"பக்கத்து வீட்டுல கிரிக்கெட் வச்சிருந்தாவ."

"சரிதான். அப்புறம் செப்டம்பர்ல ஒரு நாள் வருது பாருங்க. பதினாலாம் தேதி, ஞாயிறு, காலைல பதினொண்ணு பத்து. முப்பத்தெட்டு நிமிஷம். புத்தகம் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு, அதுல ஒரு சொல்லுகூட ஏறலை. ஆனா மண்டை தீயா வேலை செஞ்சிருக்கு. நாடி நூத்திருபது. இந்த வருஷத்துலேயே அவ்வளவு கவனமா அவிய எதையும் கேக்கலை. அன்னைக்கு யாராவது வந்தாவளா?"

அன்றைக்குப் பரமசிவன் வந்தான். கொழுந்தன் வந்திருக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு உட்காருவது மரியாதை இல்லை என்று வடிவு கொக்கியைக் கழற்றி நயினார் காதில் மாட்டினாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, குழாயை எடுத்தால் எத்தனை நாள் ஆகும், வலிக்குமா, எந்த மயானம் என்று பேசினார்கள். வடிவு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹனீபா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையிலேயே இருந்தார்.

"அதுக்கு மறுநாள்ல இருந்துதான்க்கா கேக்க ஆரம்பிச்சிருக்காவ. பிடிச்ச புத்தகம் பிடிக்காத புத்தகம்னு கிடையாது. சமையல் புத்தகம் ஒண்ணு இருக்கு, அதையும் விடலை. கொக்கி மாட்டுன நேரம் பூரா, ஒரு நிமிஷம் கண்ணசராம. இப்படி யாரும் கேக்க மாட்டாவ. நேத்து சாயங்காலம் ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் பாருங்க, தொண்ணூத்தொம்பது. இந்த மனுஷனுக்கு வாசிக்கிறதுல இவ்வளவு பைத்தியமா?"

"அவியளுக்குப் புத்தகமே பிடிக்காது" என்றாள் வடிவு.

சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்டுக் கீட்டு வச்சிராதீய, அது என் கணக்குல ஏறிரும், பெட்டி திறக்கும்போது மாட்டிக்கிடுவேன். ஜூனில் அவள்தானே சொன்னாள். விரலை அசைக்க முடியாதவர், கண்ணைத் திருப்ப முடியாதவர், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வாரம், பிடிக்காத இருபத்தொரு புத்தகத்தைச் சொல் சொல்லாகக் கேட்டு அவள் கணக்கில் ஏற்றியிருக்கிறார். அவர் கூப்பிட்டிருக்கிறார். அந்தக் கூப்பாடு நேற்று வந்து சேர்ந்தது. அவளோ அதைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமையைத் திங்கட்கிழமை ஆக்கினாள்.

மணி பார்த்தாள். ஒன்றேகால். பரமசிவனுக்குப் போன் போட்டாள்.

"பரமு, நிறுத்து! டாக்டரை வரவேண்டாம்னு சொல்லு. அவிய கேக்குதாவ. எல்லாத்தையும் கேட்டிருக்காவ!"

"மைனி, எங்க இருக்கீய? டாக்டர் முன்னாலயே வந்துட்டாவ."

"புத்தகம் பூரா அவிய கேட்டதுடா! கொக்கில இருக்கு!"

பரமசிவன் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலப் பேசினான். "மைனி. நேத்து நீங்கதான சொன்னீய, ஞாபகம் தவறுதுன்னு. நான் டாக்டர்ட்டயும் சொல்லிட்டேன். ஒங்களுக்கு முடியலைன்னா அடுத்து என் கையெழுத்துதான் செல்லும்னு அவிய சொல்லுதாவ. நீங்க இந்தப் பாவத்தைச் சுமக்க வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன். மெதுவா வாங்க."

வைத்துவிட்டான். வடிவு அப்படியே நின்றாள். தன் வாயால் தன்னைப் பைத்தியக்காரி ஆக்கிக்கொண்டாயிற்று. ஹனீபா கடையைச் சாத்தவும் இல்லை, திரையையும் கொக்கியையும் பிடுங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஏறுங்கக்கா" என்று வண்டியைக் கிளப்பினார். மேம்பாலத்தில் வழக்கம் போல நெரிசல். நகரவே இல்லை. வடிவு அவர் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து, "பரமு தொட்டுறாதடே, தொட்டுறாதடே" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போது டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்த பிளாஸ்திரி உரித்தாயிற்று. பரமசிவன் அண்ணனின் நெற்றியில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"எடுக்காதீய!"

"அம்மா, உட்காருங்க" என்றார் டாக்டரம்மா. "உங்க கொழுந்தன் எல்லாம் சொன்னாங்க. இந்த நேரத்துல இப்படித் தோணும். நானும் பாத்திருக்கேன். அது ஒரு விளையாட்டுச் சாமான்ம்மா, அதை வச்சு நாம..."

"விளையாட்டுச் சாமான்தான் டாக்டர்" என்றார் ஹனீபா. "அஞ்சு நிமிஷம் விளையாடிப் பாக்கலாம். அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிராதுல்லா?"

டாக்டரம்மா பரமசிவனைப் பார்த்தார். பரமசிவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் கையுறையைக் கழற்றவில்லை, ஆனால் கையை எடுத்தார்.

வடிவு கொக்கியை நயினார் காதில் மாட்டினாள். அவள் விரல் பட்ட இடத்தில் அவர் காது சூடாக இருந்தது. கூரையைப் பார்த்த கண் அப்படியே இருந்தது. குனிந்து, அந்தக் காதுக்குள் பேசினாள்.

"அத்தான், நான் வடிவு. மூணு பக்கம் ஓடும். முதப் பக்கத்தைக் கேளுங்க. ரெண்டாம் பக்கத்தைக் கேக்காதீய, வண்டி ஓட்டுனதை நினைங்க, எதை வேணும்னாலும் நினைங்க, கேக்க மட்டும் செய்யாதீய. மூணாவதைக் கேளுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஹனீபா கலங்கரை விளக்க நாவலை ஓடவிட்டார். திரையில் எண் சைபரில் இருந்தது. பிறகு இருபது என்றது, அறுபது என்றது, தொண்ணூற்று நாலில் போய் நின்றது. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் தொடங்கியதும் எண் தடதடவென்று விழுந்து சைபருக்கு வந்தது. பக்கம் முடியும் வரை சைபர். மூன்றாம் பக்கம், தொண்ணூற்றேழு.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பை இரண்டு தடவை கீழே விழுந்தது. பிறகு உரித்த பிளாஸ்திரிக்குப் பதில் புதுசு எடுத்து, குழாயை அவரே ஒட்டினார்.

பரமசிவன் அண்ணனின் நெற்றியிலிருந்து கையை எடுத்திருந்தான். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு நான் மயானத்தைப் பத்திப் பேசினேன் மைனி" என்றான். அப்புறம் வெளியே போய், செருப்பு கிடக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் மதுரைக்குப் போனவன், தினம் போன் செய்வான். அந்த அறைக்குள் மட்டும் அவன் அப்புறம் வரவே இல்லை.

வடிவின் வீட்டில் இப்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்று சைகை காட்டுகிறாள். எஸ்தர் டீச்சர் வந்தபோது, கட்டிலுக்கு முன்னால் நின்று, தன் மருமகளைப் பற்றிச் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விட்டார். ஊரில் இப்படிக் கிடப்பவர்கள் இருக்கும் வீடுகளில் எல்லாம் ஹனீபாவைக் கொக்கியோடு வரச் சொல்கிறார்களாம். கூப்பிட்டுவிட்டு, வர வேண்டாம் என்று மறுபடி போன் செய்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

நயினாருக்குப் புதுப் படம் எடுத்தார்கள். புதுப் புது டாக்டர்கள் வந்தார்கள், எழுத்தெழுத்தாகப் பேச வைக்க ஒரு கருவி இருக்கிறது, வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வடிவு அதற்குக் காத்திருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் ஆமாம் இல்லை என்று கேட்க அந்தக் கொக்கியே போதும் என்பது அவளுக்குத் தெரியும். கேட்க வேண்டிய கேள்வியும் தெரியும். கெடக்க விட்டுறாதல என்று சொன்ன மனிதரல்லவா. தினமும் மாட்டுவாள், வாயைத் திறப்பாள், அப்புறம் புத்தகத்தை ஓடவிட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அங்கே நின்று தாலியைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மதியம், வருடக் கணக்கு முடிகிற நாள், அவள் கொக்கியை அவர் காதில் மாட்டி, ஹனீபா விட்டுப்போன திரையோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கலங்கரை விளக்க நாவலை அச்சுப் புத்தகமாக வாங்கி வைத்திருந்தாள். தானே வாசிக்கலாம் என்று, யார் வாசித்தாலும் கொக்கிக்குத் தெரியுமே.

"அத்தான். மூணு வாரமாக் கேக்கப் பயந்துக்கிட்டு இருக்கேன். உண்மையைச் சொல்லணும். இருக்கணும்னா கேளுங்க. போதும்னா கேக்காதீய. எதுன்னாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அது பொய். வாசித்தாள். திரையைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். கண்ணில் நீர் நிறைந்து எழுத்து தெரியாமல் இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பக்கம் முடிந்தது. திரையை நிமிர்த்தினாள்.

தொண்ணூற்றெட்டு.

வடிவு கட்டிலின் விளிம்பில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் அவர் வாயோரத்தையும் தன் முகத்தையும் துடைத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. அந்தச் செப்டம்பர் ஞாயிறு அவள் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அத்தான். என் மேல கோவமா?" குரல் இறங்கிப் போயிற்று. "கோவம்னா கேளுங்க. இல்லேன்னா கேக்காதீய."

இந்தத் தடவை அவள் திரையைக் கவிழ்க்கவில்லை. வாசிக்க வாசிக்க எண் ஏறியது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு நூறு.

அந்த வருடம் முழுக்க, அவள் காதிலும் சரி, அவர் காதிலும் சரி, நூறு வந்ததே இல்லை. விரலைக்கூட அசைக்க முடியாத மனிதரைப் பார்த்து வடிவுக்குப் பயமாக இருந்தது. கண் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"சரி அத்தான்" என்றாள்.

நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசித்தாள்.